வன்னியில் இருந்தபடி தங்க, வெள்ளி நாணயம் சேர்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

2009இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் இருந்தபோது அம்மாவிடம் மிஞ்சியிருந்தவை ஒரு சோடிக் காப்பு, பவுண் காசு என்கிற தங்க நாணயம் இரண்டு, ஒரு துணிமுடிச்சில் பழைய வெள்ளி ரூபாய் கொஞ்சம். காப்பை வாங்க வந்தவர் கல்லுக்கு ஒரு கழிவு, பற்றவைத்த இடத்துக்கு ஒரு கழிவு, அழுக்குக்கு ஒரு கழிவு என்று கழித்துக்கொண்டே போனார். பவுண் காசை மட்டும் திருப்பிப் பார்த்தார், தராசில் வைத்தார், விலையைச் சொன்னார். குறைந்த விலைதான். ஆனால் கழிப்பதற்கு அதில் அவருக்கு எதுவும் அகப்படவில்லை. ஒன்றை விற்றோம். மற்றது இன்னும் வீட்டில் இருக்கிறது.

நாணயத்தின் மேல் எனக்குப் பிடிப்பு வந்தது அங்கேதான். பிறகு பல வருடம் வாங்கியும் ஏமாந்தும் கற்றதை இங்கே எழுதுகிறேன். அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் மிஞ்சுகிறவர், வெளிநாட்டுத் தம்பி அனுப்பும் காசைக் கரையாமல் வைக்க நினைக்கிறவர், பாட்டியின் பெட்டியில் காசு கிடந்து என்ன செய்வதென்று தெரியாதவர், இவர்களை மனதில் வைத்து எழுதியது. பெரிய முதலீட்டாளர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

முதல் படி: இரண்டு பெட்டி எடுங்கள்

ஒன்று சேமிப்புப் பெட்டி. அதில் போகும் காசுக்கு உலோகத்தின் விலைதான் விலை. எந்த ஆண்டு, எந்த ராசாவின் தலை என்பதெல்லாம் அங்கே வேலையில்லாத பேச்சு. மற்றது சேகரிப்புப் பெட்டி. அதில் ஒரு காசின் விலையை ஆண்டும், அடித்த இடமும், தேய்மானமும், தேடுகிற ஆட்களும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள். இரண்டும் நல்லவை. ஒன்றுக்கான பணத்தை மற்றதில் போடுவதுதான் வினை. மகளின் கலியாணத்துக்கென்று வைத்த பணத்தில் "அபூர்வ நாணயம்" வாங்கியவர்களை எனக்குத் தெரியும். கலியாணம் நெருங்கியபோது கிளிநொச்சியில் அதை விளங்கி வாங்க ஒரு ஆள் இல்லை. கடைக்காரர் தராசில் வைத்து வெறும் வெள்ளி விலை சொன்னார்.

என் கணக்கில் பத்தில் ஒன்பது பங்கு முதல் பெட்டிக்கு. இரண்டாவது பெட்டிக்குப் போவது தொலைந்தாலும் நித்திரை கெடாத காசாக இருக்க வேண்டும்.

பவுண் என்றால் எவ்வளவு?

நாங்கள் பவுண் என்பதும் தமிழ்நாட்டில் சவரன் என்பதும் ஒரே காசிலிருந்து வந்த பெயர்கள். இங்கிலாந்தின் ஒரு பவுண் பெறுமதியான சொவரின் என்ற தங்க நாணயம்தான் அது. இப்போதைய வடிவில் 1817இல் அடிக்கத் தொடங்கினார்கள். எடை 7.988 கிராம், 22 கரட், விட்டம் 22.05 மில்லிமீற்றர், உள்ளே இருக்கும் சுத்தத் தங்கம் 7.322 கிராம். இந்த எண்களைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பிறகு தேவைப்படும்.

நகைக்கடையில் ஒரு பவுண் என்றால் சரியாக 8 கிராம். அந்த 8 கிராமும் 22 கரட்டாக இருந்தால் சுத்தத் தங்கம் 7.333 கிராம். அதாவது கடைப் பவுணுக்கும் பழைய சொவரினுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு. விற்கிறவர் இதைப் பெரிதாக்கினால் சிரித்துவிட்டு வாருங்கள்.

விலையை நீங்களே கணக்குப் போடுங்கள்

கடைக்குப் போகமுன் வீட்டில் பத்து நிமிடம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். உலகச் சந்தை விலை ட்ரோய் அவுன்சுக்கு டொலரில் வரும். அந்த அவுன்ஸ் 31.1035 கிராம். உதாரணத்துக்கு அவுன்ஸ் 4,000 டொலர், டொலர் 300 ரூபாய் என்று வைப்போம். நீங்கள் அன்றைய எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கினால் 1,200,000. அதை 31.1035ஆல் பிரித்தால் சுத்தத் தங்கம் கிராமுக்கு ஏறத்தாழ 38,581 ரூபாய். சொவரினுக்குள் 7.322 கிராம் இருப்பதால் உலோகத்தின் பெறுமதி சுமார் 282,490 ரூபாய். கடைக்காரர் 290,000 கேட்டால் மேலதிகம் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். 320,000 கேட்டால் ஏன் என்று கேட்கவும் முடியும்.

இந்தக் கணக்கில் இரண்டு கயிறு இருப்பதைக் கவனியுங்கள்: ஒன்று தங்கத்தின் டொலர் விலை, மற்றது டொலரின் ரூபாய் விலை. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 வரை போனது. அப்போது தங்கம் உலகத்தில் அவ்வளவாக ஏறாமலே இங்கே எகிறியது. பதறி உச்சத்தில் வாங்கியவர்கள் 2023இல் ரூபாய் கொஞ்சம் மீண்டதும் கையைப் பிசைந்தார்கள். தங்கம் ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்கிறவரிடம் இன்னொரு கதையும் சொல்லுங்கள். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டொலர் தொட்டது. அந்த விலையை மறுபடி பார்க்க 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெள்ளி இன்னும் மோசம். 1980இல் 50 டொலர் அளவுக்குப் போய் விழுந்தது, 2011இல் மறுபடி அந்தப் பக்கம் போய்த் திரும்பவும் விழுந்தது, 2020 மார்ச்சில் 12 டொலர் அளவில் கிடந்தது. ஆகவே ஒரே நாளில் முழுப் பணத்தையும் போடாதீர்கள். போகத்துக்கு ஒரு தடவை, கையில் மிஞ்சியதில் ஒரு பங்குக்கு மட்டும் வாங்குங்கள்.

தங்கத்தில் எதை வாங்குவது?

வன்னியில் கைக்கு எட்டுவது பெரும்பாலும் நகைக்கடைத் தங்கக் காசுதான். ஒரு கிராம், இரண்டு, நாலு, எட்டு கிராம் என்று கிடைக்கும். நகையோடு பார்த்தால் செய்கூலியும் சேதாரமும் குறைவு, கல் இல்லை, பற்றவைப்பு இல்லை. ஒரு குறை உண்டு. அந்தக் கடையின் முத்திரைக்கு அந்தக் கடையில்தான் முழு மரியாதை. வவுனியாவில் வாங்கிய காசை யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் கொடுத்தால் உரைத்தும் சோதித்தும் பார்த்த பிறகே விலை சொல்வார்கள். அதில் தவறில்லை. ஒரு கிராம் காசு மலிவாகத் தெரிந்தாலும் கிராமுக்குக் கணக்குப் பார்த்தால் கூலி அதில்தான் கூட. நான்கு மாதம் பொறுத்து நாலு கிராமாக வாங்குவது மேல்.

பழைய சொவரின் கிடைத்தால் என் முதல் தெரிவு அதுதான். லண்டனில் மட்டும் அடிக்கவில்லை. சிட்னி, மெல்பேர்ன், பேர்த், ஒட்டாவா, பிரிட்டோரியாவிலும் அடித்தார்கள். பம்பாயில் 1918 என்ற ஒரே ஆண்டுத் திகதியோடு அடித்தார்கள். குதிரையில் ஏறிப் பறவைநாகத்தைக் குத்தும் வீரனின் பக்கத்தில், ஆண்டுக்கு மேலே நிலக்கோட்டில் ஒரு சின்ன எழுத்து இருந்தால் அது அடித்த இடம். பம்பாய்க்கு ஆங்கிலத்தின் ஐ, சிட்னிக்கு எஸ். கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, பார்த்ததற்காக மேலதிகம் கொடுக்காதீர்கள். சேமிப்புப் பெட்டிக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதான்.

தாலிக்கொடியில் கோர்த்திருந்த பவுண் காசுகளும் விற்பனைக்கு வரும். வளையம் பற்றவைத்த அடையாளம் இருந்தால் சேகரிப்பவர் அதைத் தொடமாட்டார். உலோக விலைக்குக் கிடைத்தால் சேமிப்புக்கு எடுக்கலாம். பற்றாசும் எடையில் சேர்ந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

க்ருகரான்ட், மேப்பிள் லீஃப், பிரிட்டானியா போன்ற ஒரு அவுன்ஸ் வெளிநாட்டுத் தங்கக் காசுகளை வெளிநாட்டு உறவினர் கொண்டுவருவதுண்டு. தரமான காசுகள். க்ருகரான்ட் 22 கரட், மொத்த எடை 33.93 கிராம். மேப்பிள் லீஃப் 24 கரட். ஆனால் ஒரு அவசரத்துக்குப் பாதியை விற்க முடியாது. கொண்டுவருகிறவர் முதலில் சுங்க விதியை விசாரிக்கட்டும்.

பாட்டியின் துணிமுடிச்சு

வெள்ளிக் காசைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்த வராது. எங்கள் பக்கத்துப் பழைய பெட்டிகளில் இந்திய வெள்ளி ரூபாய் ஏன் இவ்வளவு கிடக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? இலங்கை 1872இல் ரூபாய், சதம் கணக்குக்கு மாறியபோது தனக்கென்று ஒரு ரூபாய்க் காசு அடிக்கவில்லை. இந்தியாவின் வெள்ளி ரூபாய்தான் இங்கேயும் ரூபாய். மாடு விற்ற காசும் நெல் விற்ற காசும் அந்த உருவத்தில்தான் முடிச்சில் ஏறின.

அந்த ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. நூறில் 91.7 பங்கு வெள்ளி, சுத்தமாக 10.69 கிராம். 1939 வரை இந்தத் தரம். 1940 முதல் 1945 வரை வந்தவற்றில் பாதிதான் வெள்ளி. 1947இல் வந்தது வெறும் நிக்கல். விற்கிறவர் "எல்லாம் ராசா காசுதானே" என்று ஒரே விலை சொல்லுவார். முதலில் ஆண்டைப் பாருங்கள். வெள்ளி அவுன்ஸ் 50 டொலர், டொலர் 300 என்று வைத்தால் 1939க்கு முந்திய ரூபாயின் உலோகம் சுமார் 5,150 ரூபாய். 1944ஆம் ஆண்டுக் காசு அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும்.

விக்டோரியா காசில் 1876 வரை ராணி என்றும் 1877இலிருந்து பேரரசி என்றும் எழுதியிருக்கும். சேகரிப்பாளர் தேடுகிறவற்றில் 1911இன் ஐந்தாம் ஜோர்ஜ் ரூபாய் ஒன்று. மன்னரின் அங்கியில் இருந்த யானை, தும்பிக்கை குட்டையாகப் பன்றி போலத் தெரிந்ததால் முஸ்லிம் மக்கள் கடுமையாக ஆட்சேபித்தார்கள். வெளிவராத காசுகளை உருக்கிவிட்டு யானையைத் திருத்தி 1912இலிருந்து மறுபடி அடித்தார்கள். 1939 திகதியிட்ட ஆறாம் ஜோர்ஜ் ரூபாயும் அரிது. அரிது என்பதால் போலியும் அதிலேயே கூட.

இலங்கையின் சொந்த வெள்ளிக் காசுகள் சின்னவை: 50 சதம், 25 சதம், 10 சதம். 1892இல் தொடங்கிய வரிசையில் நூறுக்கு 80 பங்கு வெள்ளி, 1919இலிருந்து 55 பங்கு. 50 சதத்தின் எடை 5.83 கிராம், இந்திய ரூபாயின் சரி பாதி. மரம் போட்ட அழகான காசு. 1957இல் புத்த ஜயந்திக்கு வந்த 5 ரூபாய் 28.28 கிராம், 92.5 பங்கு வெள்ளி. எடைக்கு எடை கிடைத்தால் தாராளமாக எடுங்கள்.

சேமிப்புக்கு வெள்ளி வாங்கலாமா என்று கேட்டால் அரை மனதோடுதான் தலையாட்டுவேன். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி பெரிது, இடம் பிடிக்கும், கறுக்கும். ஓடவேண்டி வந்தால் பாரம். ஓடியவர்களுக்கு அது விளங்கும்.

வீட்டிலேயே சோதிக்க நாலு சாமான்

நூறில் ஒரு கிராம் காட்டும் சின்ன மின்தராசு, வேர்னியர் கலிப்பர், ஒரு நல்ல காந்தம், பூதக்கண்ணாடி. இவ்வளவும் ஒரு கிராம் தங்கத்தின் விலைக்கு வெகு கீழே.

காந்தத்தில் ஒட்டினால் அங்கேயே முடிந்தது. ஒட்டாவிட்டால் எதுவும் உறுதியில்லை, பித்தளையும் ஈயமும் ஒட்டாதுதான். எடை பாருங்கள், விட்டம் பாருங்கள். எடை சரியாக இருந்து விட்டமோ தடிப்போ கூடியிருந்தால் உள்ளே மலிவான உலோகம். சில வருடம் முன் வீடு தேடி வந்த ஒருவரிடம் மூன்று வெள்ளி ரூபாய் வாங்கினேன். பார்வைக்கு அச்சு அசல். தராசு வாங்கிய அன்று மூன்றையும் வைத்தேன்: 9.8, 9.8, 9.9 கிராம். இன்றும் அவற்றைப் பெட்டியின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன், எனக்கே ஒரு நினைவூட்டலாக.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. தராசில் ஒரு குவளை தண்ணீரை வைத்துப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் காசின் கனஅளவு. காசின் எடையை அதனால் பிரியுங்கள். சொவரினுக்குத் தராசு 0.45 அளவு காட்ட வேண்டும், விடை 17.5 தொட்டு 18க்குள் வரும். 24 கரட் தங்கம் 19.3, சுத்த வெள்ளி 10.5, பழைய வெள்ளி ரூபாய் 10.3 அளவு. ஈயம் 11.3. வெள்ளி போல நடிக்கும் பித்தளை, நிக்கல் வகைகள் 8 தொட்டு 9க்குள் நிற்கும். 24 கரட்டில் மட்டும் ஒரு கண்ணி: டங்ஸ்டனும் கிட்டத்தட்ட 19.3தான். பெரிய காசு வாங்கினால் எக்ஸ்ரே கருவி உள்ள கடையில் ஒரு தடவை காட்டுங்கள். அதுவும் மேற்பரப்பைத்தான் படிக்கும், ஆகவே எடையையும் விட்டத்தையும் விட்டுவிட வேண்டாம்.

வெள்ளியை விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் தட்டினால் மணி போல நீண்டு ஒலிக்கும். எங்கள் அப்பப்பா இந்த ஒரு சோதனையிலேயே காலம் தள்ளினார்.

கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் லெபனானில் ஏராளமாகப் போலி சொவரின் அடித்தார்கள். அவற்றில் பலவற்றில் தங்கம் சரியாகவே இருக்கிறது, எழுத்தும் உருவமும்தான் பிசகு. சேமிப்புப் பெட்டிக்கு அதனால் பெரிய நட்டமில்லை. சேகரிப்புப் பெட்டிக்கு அது குப்பை.

வாங்கும் நாளில்

கடைக்காரரிடம் கேட்க ஒரு கேள்வி போதும்: "அண்ணை, இதை இப்பவே திருப்பித் தந்தால் எவ்வளவுக்கு எடுப்பீங்கள்?" அந்தப் பதிலுக்கும் கேட்ட விலைக்கும் இடையில் உள்ளதுதான் நீங்கள் உண்மையில் செலவழிப்பது. குறைந்தது மூன்று கடையில் கேளுங்கள். கிளிநொச்சி, வவுனியா என்று பார்த்து, கொழும்புக்குப் போகும் வேலை இருந்தால் செட்டியார் தெருவிலும் கேட்டு ஒப்பிடுங்கள். பற்றுச்சீட்டில் எடை, கரட், விலை, திகதி நான்கும் இருக்கட்டும். இணையத்தில் படம் பார்த்து முற்பணம் போடாதீர்கள்.

காடு வெட்டும்போது கிடைத்தது, டோசர் தோண்டியபோது வந்தது, வெளியில் சொல்ல வேண்டாம், அரை விலைக்குத் தருகிறேன் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். முதலில் காட்டும் ஒரு துண்டு உண்மைத் தங்கமாகவே இருக்கும், அதை நீங்கள் உரைத்தும் பார்ப்பீர்கள். பணம் கொடுத்து வாங்கும் மூட்டைதான் பித்தளை. அரிசியை இழுக்கும் காசு, கிழக்கிந்தியக் கம்பனியின் ராமர் காசு என்று கோடி சொல்லும் கதைகளும் இதே குடும்பம்.

மண்ணில் கிடைத்தால்

மாந்தைத் துறைமுகப் பக்கம் ரோமக் காசு கிடைத்த மண் எங்களுடையது. நந்தியும் சேது என்ற எழுத்தும் பொறித்த, யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் செப்புக் காசுகளும் உண்டு. கண்டால் கை துடிக்கும். ஆனால் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முந்திய காசுகளைத் தொல்பொருளாகக் கணக்கெடுக்கிறது. மண்ணில் கண்டெடுத்தால் அறிவிக்க வேண்டும், அனுமதியின்றித் தோண்டுவதும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதும் குற்றம். ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசுக்கும் இதுதான் விதி. பழைய காசு விற்க வருகிறவரிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதில் வழுக்கினால் விட்டுவிடுங்கள்.

உலோகம் காட்டும் கருவியோடு பழைய காவலரண் பக்கம் போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தக் கருவிக்குத் தங்கமும் மிதிவெடியும் ஒரே சத்தம்தான். இடம்பெயரும்போது சொந்த வளவில் புதைத்ததை எடுப்பதாக இருந்தாலும் முதலில் கிராம அலுவலரிடமும் பொலிஸிலும் சொல்லுங்கள்.

வைத்திருப்பது

தேய்க்காதீர்கள். 1893ஆம் ஆண்டு 50 சதம் ஒன்றைக் குத்துவிளக்கு மினுக்குவது போலப் புளியும் சாம்பலும் போட்டு மினுக்கினேன். பளபளவென்று வந்தது. சேகரிக்கும் நண்பர் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திருப்பித் தந்தார். வெள்ளியின் கறுப்பு ஒரு தோல் மாதிரி, அதை உரித்தால் விலையும் உரிந்துபோகும். சேறு இருந்தால் மெல்லிய சவர்க்காரத் தண்ணீரில் அலசி, ஒற்றி எடுங்கள். அவ்வளவுதான்.

றப்பர் வளையம் போடாதீர்கள், அதில் உள்ள கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடு போடும். மணக்கும் மென்மையான பிளாஸ்டிக் உறைகள் காலப்போக்கில் பச்சைப் பசை விடும். கெட்டியான கண்ணாடிக் கூடு நல்லது. மாரியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொதி ஒன்றை உள்ளே போட்டு, நெல் அறுவடைக்குள் ஒரு தடவை மாற்றுங்கள்.

பெரிய பங்கு வங்கிப் பெட்டகத்தில், அவசரத்துக்கு ஒன்றிரண்டு வீட்டில். அதைவிட முக்கியம் பதிவு. ஒவ்வொரு காசுக்கும் இரு பக்கப் படம், எடை, வாங்கிய திகதி, பற்றுச்சீட்டின் படம். பிரதி ஒன்று வெளியூரில் உள்ள ஒருவரிடம் இருக்கட்டும். போருக்குப் பின் மீட்கப்பட்ட நகைகள் 2025 மே மாதத்தில்தான் இராணுவத்திடமிருந்து பொலிஸிடம் கையளிக்கப்பட்டன. எங்கள் பக்கத்தில் போர்க்காலத்தில் நகை அடகு வைத்ததற்கான துண்டு கையில் இருந்தவர் சிலர், ஓட்டத்தில் தொலைத்தவர் பலர். எது தன்னுடையது என்று காட்ட ஒரு கடதாசி எவ்வளவு பெறும் என்பதை வன்னிக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

விற்பதும் அடகு வைப்பதும்

காலபோக விதைப்புக்கு நகை அடைவு வைத்து, அறுவடையை விற்று மீட்பது எங்கள் ஊர் வழக்கம். காசையும் அப்படி வைக்கலாம் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். உங்கள் வங்கிக் கிளை நாணயம் எடுக்குமா, கிராமுக்கு எவ்வளவு தரும், வட்டி எவ்வளவு என்று விதைப்புக்கு முன்பே கேட்டு வையுங்கள். எடுக்காவிட்டால் அந்தத் தேவைக்கு ஒரு சங்கிலி இருக்கட்டும், காசைத் தொடாமல் விடுங்கள்.

விற்கும்போது அன்றைய கணக்கைப் போட்டுக்கொண்டு, கடையில் உங்கள் கண் முன்னே நிறுக்கச் சொல்லுங்கள். காசை உருக்கிப் பார்க்கவோ வெட்டிப் பார்க்கவோ விடாதீர்கள். வெட்டினால் அது காசு இல்லை, துண்டுத் தங்கம். சேகரிப்புப் பெட்டியில் உள்ளதை நகைக்கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். கொழும்பு, யாழ்ப்பாணச் சேகரிப்பாளர்களிடம் படத்தோடு விசாரித்து, இரண்டு பேரின் விலையாவது கேட்டுவிட்டுக் கொடுங்கள். அவசரம் இல்லாதபோது விற்பதுதான் அங்கே இலாபம்.